பின்னோக்கி ஓடிய மீட்டர்

தமிழ்நாட்டு மின்வாரியம் 1957-ல் தொடங்கியபோது அதன் வரவைச் சொன்னது மீட்டருக்குள் இருந்த ஓர் அலுமினியத் தட்டு. இரண்டு சுருள்கள் சேர்ந்து அதைச் சுழற்றும். வேகம் மீறாமல் ஒரு காந்தம் இழுத்துப் பிடிக்கும். எத்தனை சுற்றோ அத்தனை காசு. ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எண்ணைக் குறித்துவிட்டுப் போவார்.

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள நெம்மேலி மாதிரி ஊரில் அந்த மீட்டர் எல்லோரிடமும் ஒரே விலை கேட்டதில்லை. விவசாய பம்புசெட்டுக்கு இலவசம். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் இலவசம். அரசு மானியம் போக மிஞ்சும் பள்ளத்தை நிரப்பியவர்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து விடுதிகளும் கடைகளும் உண்டு.

பழைய தட்டுக்கு ஒரு குணம்: மின்சாரம் வீட்டிலிருந்து வெளியே பாய்ந்தால் அது பின்னோக்கிச் சுழலும். 1979-ல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் சோலார் பொருத்திய கட்டடத்தில் இப்படித்தான், வாங்கியதில் கொடுத்ததைக் கழிக்கும் நெட் மீட்டரிங் பிறந்தது. தமிழ்நாட்டில் 2012 சூரிய ஆற்றல் கொள்கை அதற்கு வழி விட்டது. தட்டு போய் எலெக்ட்ரானிக் மீட்டர் வந்தது. சோலார் வீடுகளில் இப்போது இருவழி மீட்டர். வாங்கியது தனி, கொடுத்தது தனி.

முதலில் சோலார் போடுவது யார்? பில் அதிகம் கட்டுபவர்தான். வாரியம் இழப்பது தன் நல்ல வாடிக்கையாளரை. ஆனால் அவர் கம்பியை அறுத்துக்கொண்டு போவதில்லை. பொழுது சாய்ந்ததும் வாரியத்திடம்தான் வருவார். கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், லைன்மேன் செலவு ஒரு ரூபாயும் குறையவில்லை. அதனால்தான் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 அக்டோபரில் நெட் மீட்டரிங்கை வீடுகளோடு நிறுத்தி, நெட்வொர்க் கட்டணமும் விதித்தது. நம் கூரையில் விளைந்ததற்கும் காசா என்று எரிச்சல் வரும். கம்பிக்குக் கூலி கேட்பது நியாயம்தான். அதை யூனிட் தலையில் ஏற்றியதுதான் எனக்கு ஒப்பவில்லை. கம்பி வாடகையைக் கம்பி வாடகையாகவே கேட்கலாம்.

கூரைகளால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதற்கும் நெம்மேலியே சாட்சி. இங்கே 2013-ல் வந்த கடல்நீர்க் குடிநீர் ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் திறந்த இரண்டாவது ஆலைக்கு 15 கோடி. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் பிடிக்கும். இரண்டும் முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழரை லட்சம் யூனிட். ஒரு கூரையில் மூன்று கிலோவாட் சோலார் பலகை நாளுக்குச் சுமார் 12 யூனிட் தருகிறது என்று வையுங்கள். அறுபதாயிரத்துக்கு மேல் கூரைகள் வேண்டும். அப்போதும் ராத்திரி பம்பு ஓட வாரியம் வேண்டும்.

அடுத்து வரும் ஸ்மார்ட் மீட்டர், எந்த நேரத்து யூனிட் என்பதையும் குறித்துவைக்கும். மத்திய அரசின் 2023 விதித் திருத்தப்படி வெயில் நேரத்தில் விலை 10 முதல் 20 சதவீதம் குறையும், உச்ச நேரத்தில் அதேபோல் ஏறும். பகல் யூனிட்டை விற்றுப் பிழைத்த வாரியம் இனி மாலை ஆறு மணி யூனிட்டுக்கு விலை போடக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.