கிற்றாரின் தலையெழுத்து

கிற்றார் பழக விரும்பும் பிள்ளையோடு கடைக்குச் செல்லும் பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி, "எந்தக் கொம்பனியின் கிற்றார் நல்லது?" என்பதாகும். நியாயமான கேள்விதான். ஆனால் அதனுள் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. கருவியின் தலைப்பகுதியில் எவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றதோ, அவரே அதனைச் செய்தவர் என்பதே அந்த எடுகோள். தொடக்கநிலையாளருக்கான கிற்றாரின் கடந்த நூறாண்டுகால வரலாற்றை நோக்கின், இந்த எடுகோள் பெரும்பாலும் பொய்த்துப்போயிருப்பதைக் காணலாம்.

பெயரும் கையும் ஒன்றாக இருந்த காலமும் ஒன்று உண்டு. ஜேர்மனியின் சக்சனிப் பகுதியில் 1796இல் பிறந்த சி. எஃப். மார்ட்டின் தளபாடத் தச்சர் மரபில் வந்தவர். தச்சர்கள் கிற்றார் செய்யலாகாது என்று வயலின் செய்வோரின் சங்கம் அங்கு வழக்காடிக்கொண்டிருந்தது. 1833இல் அவர் நியூயோர்க்கிற்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகளின் பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் சிற்றூரில் நிலைகொண்டார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அதே ஊரில் இயங்கி வருகின்றது. எனினும், அந்நிறுவனத்தின் மலிவு விலைக் கிற்றார்கள் இன்று மெக்சிக்கோவில் செய்யப்படுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

மார்ட்டின் போன்றோரின் கருவிகள் எளிய குடும்பங்களுக்கு எட்டாதவை. சாதாரண அமெரிக்கரின் வீட்டுக்குள் கிற்றாரைக் கொண்டுசென்றது தபால்மூல வணிகமே. சிக்காகோவின் சியர்ஸ் நிறுவனம் தனது தடித்த விலைப்பட்டியல் நூல்களில் ஏர்முனை முதல் இசைக்கருவி வரை யாவற்றையும் விற்றது. கிற்றாருக்கு இருந்த கேள்வியைக் கண்ட அந்நிறுவனம், அதே நகரிலிருந்த ஹார்மனி என்னும் தொழிற்சாலையை 1916இல் வாங்கியது. 1940இல் அதனை விற்றுவிட்ட போதிலும், ஹார்மனியிடமும் பிற தொழிற்சாலைகளிடமும் கிற்றார்களை வாங்கிச் 'சில்வர்டோன்' என்ற தனது பெயரில் விற்றுவந்தது. சில்வர்டோன் என்றொரு தொழிற்சாலை எங்கும் இருந்ததில்லை. அந்தப் பெயர் தாங்கிய கருவியில்தான் ஒரு தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் விரல் பழகினர்.

1964இல் பீற்றில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதை அடுத்து கிற்றாருக்கான கேள்வி மேலும் பெருகியது. பெருமுதலாளிகளின் பார்வை இத்தொழிலின் மீது திரும்பியது. மின்கிற்றார் செய்வதில் புகழ்பெற்ற லியோ ஃபெண்டர், 1965இல் தமது நிறுவனத்தை சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு விற்றார். அதன் பின்னர் செய்நேர்த்தி குன்றியதாகக் கலைஞர் பலர் குறைகூறினர். தலையிலிருந்த பெயர் மட்டும் மாறவில்லை.

அதே காலத்தில் யப்பானிலிருந்து மலிவான கருவிகள் வந்திறங்கத் தொடங்கின. ஹமமட்சு நகரில் 1887இல் ஹார்மோனியம் போன்ற காற்றுக்கருவியைச் செய்து தொழிலைத் தொடங்கியவர் தொரகுசு யமஹா. அவரது பெயர்தாங்கிய நிறுவனம் 1966இல் எஃப்.ஜி. என்ற நாட்டாரிசைக் கிற்றார் வரிசையை அறிமுகப்படுத்தியது. குறைந்த விலை, ஒன்றைப்போல் மற்றொன்றும் அமைந்த சீரான செய்நேர்த்தி என்பன அதன் பலம். இப்போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாத ஹார்மனி 1970களின் நடுப்பகுதியில் மூடப்பட்டது.

ஐபனேஸின் கதை இன்னும் சுவையானது. நகோயா நகரின் ஹோஷினோ கக்கி நிறுவனம் 1920களின் இறுதியில் ஸ்பானியாவின் வலன்சியா நகரிலிருந்து சல்வடோர் இபாஞெஸ் என்ற கைவினைஞரின் பெயர்தாங்கிய கிற்றார்களை இறக்குமதி செய்தது. பின்னர் அந்தப் பெயரையே தனது கருவிகளுக்குச் சூட்டிக்கொண்டது. அமெரிக்க வடிவங்களை அப்படியே ஒத்த கிற்றார்களை அது விற்றமையால், 1977இல் கிப்சனின் தாய்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு கிற்றாரின் தலைப்பகுதி வடிவம் பற்றியது என்பது கவனத்திற்குரியது.

இறுதியில் அமெரிக்க நிறுவனங்களும் அதே வழியைத் தேர்ந்தன. கிப்சன் 1957இல் எபிபோன் என்ற போட்டி நிறுவனத்தை வாங்கியது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தியை யப்பானுக்கு மாற்றியது. பின்னர் அது கொரியாவுக்கும் சீனாவுக்கும் சென்றது. ஃபெண்டரோ தன்னிடமிருந்த பழைய பெயரொன்றைத் தூசுதட்டி எடுத்தது. மிச்சிகன் மாநிலத்தில் விக்டர் ஸ்குவையர் 1890இல் தொடங்கிய, தந்திகள் செய்யும் நிறுவனத்தின் பெயரே அது. 1982 முதல் யப்பானில் செய்விக்கப்பட்ட மலிவு விலை ஃபெண்டர் வடிவங்களுக்கு அப்பெயர் இடப்பட்டது. இன்று புதிதாகப் பழகுவோர் கையிலெடுக்கும் மின்கிற்றார்களுள் ஸ்குவையரும் எபிபோனும் முன்னணியில் உள்ளன.

யப்பானில் கூலி உயர, தொழில் தென்கொரியாவுக்கு நகர்ந்தது. அங்கு கோர்ட் என்ற தன் பெயரில் கிற்றார் செய்த நிறுவனம் ஐபனேஸ், ஃபெண்டர் போன்ற பெயர்களுக்கும் செய்துகொடுத்தது. பின்னர் உற்பத்தி இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் மாற்றப்பட்டது. 2007இல் கொரியத் தொழிலாளர்கள் வேலையிழந்தனர். தாம் சாளரமற்ற தொழிற்சாலையில் மரத்தூளுக்கும் இரசாயன நெடிக்கும் நடுவே பணியாற்றியதாகக் கூறிய அவர்கள், வெளிநாட்டு இசைக்கருவிச் சந்தைகள் வரை சென்று நீதி கேட்டனர். 2019இல்தான் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. பல்லாயிரம் கிற்றார்களைச் செய்த அவர்களுள் எவருடைய பெயரும் எந்தக் கிற்றாரின் தலையிலும் இல்லை.

அவ்வாறாயின் வர்த்தக நாமத்திற்கு மதிப்பே இல்லையா? உண்டு. என்ன மரம், என்ன அளவு, எத்தகைய சோதனை என்பவற்றைப் பெயருக்குரியவரே தீர்மானிக்கின்றார். நற்பெயரைக் காக்க வேண்டிய நிறுவனம் மிக மோசமான கருவியை வெளியே விடத் தயங்கும். மீள விற்கும்போது விலையும் கிடைக்கும். ஆனால், இப்பெயர் தருகின்ற உறுதி இவ்வளவே. ஒரே தொழிற்சாலையின் இரு கிற்றார்கள் இரு பெயர்களில் இரு விலைகளில் தொங்கலாம். நல்ல தொழிற்சாலையிலிருந்து வந்த கருவியும் கப்பல் பயணத்தாலும் காலநிலையாலும் கழுத்து வளைந்து நிற்கலாம்.

ஆகவே, பெயரைப் பார்த்த பின்னர் கருவியையும் பார்க்க வேண்டும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்றே கிற்றாரின் கழுத்திலும் உலோகக் கட்டுகள் உள்ளன. பன்னிரண்டாவது கட்டின் மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கின்றது என்று நோக்குக. உருக்குத் தந்திக் கிற்றாரில் அது ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை இருப்பது நன்று. நைலோன் தந்தியாயின் சற்றுக் கூடலாம். அதே கட்டில் விரல் வைத்து மீட்டினால், திறந்த தந்தியின் ஒலிக்குச் சரியாக மேற்ஸ்தாயி ஒலி பிறக்க வேண்டும். கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டும்போது உலோக முனைகள் கீறலாகாது. சுருதி சேர்த்த பின் முறுக்காணிகள் நழுவலாகாது. தந்தி உயர்ந்து நின்றால், தேர்ந்த திருத்துநரிடம் சிறு தொகை கொடுத்துக் குதிரையைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

இவை அற்ப விடயங்களல்ல. உயர்ந்து நிற்கும் தந்தியை அழுத்த முடியாமல் விரல் நொந்த பிள்ளை, குறை கருவியில் என்று நினைப்பதில்லை. தனக்கு இசை வராது என்றே நினைக்கின்றது. பெற்றோரும் அவ்வாறே நம்பிவிடுகின்றனர். சில மாதங்களில் கிற்றார் அலுமாரியின் மேல் ஏறிவிடும். கடைக்குச் செல்லும்போது கிற்றார் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்று, நான்கைந்து கருவிகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் வாசிக்கும்போது பிள்ளை தலையெழுத்தைப் பார்க்க முடியாதபடி திரும்பி நின்று கேட்கட்டும்.