தேவசகாயம்

குமரி மாவட்டத்து அருமனை வட்டாரத்தில் தாத்தாவும் பேரனும் ஒன்றுபோலத் தாங்கும் பெயர். தேவன், சகாயம் இரண்டும் வடசொற்கள். ஆனால் பெயரின் வேர் எபிரேயம். 'எல்' என்றால் கடவுள், 'அசர்' என்றால் உதவினார். இரண்டும் சேர்ந்தது எலெயாசார். ஆரோனுக்குப் பின் தலைமைக் குருவான அவர் மகனின் பெயர் அது. முன்னோர் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் யூத வழக்கம் அதை அழியாமல் காத்தது. அது குறுகி, கிரேக்கத்தில் லாசரோஸ் ஆகி, நம்மிடம் லாசர் ஆயிற்று.

நட்டாலத்து நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது இட்ட பெயரும் லாசர்தான். ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்தபோது தேவசகாயம் பிறந்தது. எவ்வளவு அழகான தேர்வு! 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் இப்பெயரை இடுவோர் பொருளைவிட அந்த மனிதரையே நினைத்து இட்டார்கள். 2022 மே 15 அன்று ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது.

இம்மாவட்டத்தில் மிகுதியாக வழங்கும் எபனேசர் என்ற பெயரிலும் உதவியைக் குறிக்கும் அதே எபிரேய வேர்தான் இருக்கிறது. பெலிஸ்தரை வென்றபின் சாமுவேல் நிறுத்திய 'உதவியின் கல்' அது. எஸ்றா, அசரியா என்பவையும் இந்தக் குடும்பமே.