ஹிலோ: மழையும் கடலும் உருவாக்கிய நகரம்

முன்னுரை

ஹவாய்த் தீவின் கிழக்குக் கரையில் அமைந்த ஹிலோ, அத்தீவின் நிருவாகத் தலைநகராகும். இந்நகரின் வளத்திற்குக் காரணமான இயற்கை அமைப்பே அதன் அழிவிற்கும் காரணமாயிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மழையும் கரும்பும்

வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று 4,207 மீட்டர் உயரமுள்ள மௌனா கியா மலைச்சரிவில் மேலெழுந்து குளிர்வதால், ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பொழிகிறது. ஹவாய்ப் பழங்குடியினர் இம்மழையை லெஹுவா மலரோடு இணைத்துக் 'கனிலெஹுவா' என அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் இந்த மழைவளத்தை நம்பிக் கரும்புத் தோட்டங்கள் பெருகின. சீனா, போர்ச்சுகல், ஜப்பான், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். சர்க்கரை ஏற்றுமதியால் விரிகுடாவை ஒட்டித் துறைமுகமும் இரயில் பாதையும் கடைவீதியும் வளர்ந்தன. ஜப்பானியர் 'புதிய ஊர்' எனும் பொருள்பட ஷின்மாச்சி என்ற குடியிருப்பைக் கடலோரத்திலேயே அமைத்தனர்.

இரு பேரலைகள்

கப்பல்களுக்குப் புகலிடமான அவ்விரிகுடா, புனல் போன்ற வடிவத்தால் ஆழிப்பேரலையின் உயரத்தை மேலும் கூட்டவல்லது. 1946 ஏப்ரல் 1 அன்று அலூசியன் தீவுகளருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பேரலை, முன்னறிவிப்பின்றித் தாக்கியது. ஹவாய்த் தீவுகளில் இறந்த 159 பேரில் 96 பேர் ஹிலோவைச் சேர்ந்தோர். சிதைந்த இரயில் பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. இவ்வழிவின் விளைவாக 1949இல் ஓவாஹு தீவில் பேரலை எச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது.

எனினும், எச்சரிக்கை மட்டும் உயிர்களைக் காக்கப் போதுமானதாக இல்லை. 1960 மே 22 அன்று சிலியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலை, ஏறத்தாழ 15 மணி நேரம் கழித்தே ஹிலோவை அடைந்தது. பல மணி நேரம் முன்னரே அபாயச் சங்கு ஒலித்தும் பலர் வெளியேறவில்லை. சிலர் அலையைக் காணக் கடற்கரைக்கே சென்றனர். 61 பேர் உயிரிழந்தனர். ஒலிக்கும் சங்கின் பொருளை மக்கள் அறிந்து செயற்படாதவிடத்து, அறிவியலின் முன்னறிவிப்பு பயனற்றுப் போகும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகிறது.

வெற்றிடத்தின் பொருள்

1946க்குப் பின் அதே இடத்தில் மீண்டும் கட்டிய நகரம், 1960க்குப் பின் பின்வாங்கியது. 'கைக்கோஓ' திட்டத்தின்கீழ் வணிகப் பகுதியின் ஒரு பகுதி மேட்டு நிலத்திற்கு மாற்றப்பட்டது. ஷின்மாச்சி இருந்த நிலம் பூங்காவாயிற்று. வையாக்கேயாவில் 1:04 மணியைக் காட்டி நின்றுபோன கடிகாரம் இன்றும் நினைவுச்சின்னமாக உள்ளது. 1990களில் அப்பகுதியின் கரும்புத் தொழிலும் முடிவுற்றது.

முடிவுரை

கடலோர நிலத்தின் விலைமதிப்பைவிட அதன் நினைவைப் பெரிதாகக் கருதியதே ஹிலோவின் தனித்தன்மை. கடைவீதிக்கும் கடலுக்கும் இடையே விடப்பட்ட அப்பசும்புல்வெளி, இறந்தோர் பொருட்டு வாழ்வோர் ஏற்றுக்கொண்ட எல்லைக்கோடாகும்.