தொடக்ககாலத் தமிழ் நாவலாசிரியர்களின் பாடும் பயனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தமிழில் நெடுங்கதை பெரும்பாலும் செய்யுளிலேயே சொல்லப்பட்டு வந்ததால், உரைநடையில் நீண்ட புனைகதை எழுதும் நாவல் என்னும் வடிவத்தை மேற்கொண்டவர்கள் மொழிநடை, உரையாடல், வாசகர் ஆகிய மூன்றையும் தாமே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மாயூரத்தில் முன்சீப், அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டு அதற்கு வழிகோலினார்.

அடுத்த தலைமுறைக்குத் தொடர்கதை, அதாவது இதழ்தோறும் ஒரு பகுதியாக வெளிவரும் கதை, வாய்ப்பாகவும் சோதனையாகவும் அமைந்தது. 'விவேக சிந்தாமணி' இதழில் அ. மாதவையா 1892இல் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' இடையிலேயே நின்றுபோனது. எனினும், இளம் விதவைகளின் துயரைப் பேசிய அக்கதையைக் கைவிடாத அவர், 1903இல் அதை 'முத்துமீனாக்ஷி' என்னும் நூலாக நிறைவுசெய்தார். அதே இதழில் 1893 முதல் 1895 வரை எழுதிய பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' முற்றுப்பெற்று நூலானபோதும், 1898இல் இளவயதிலேயே அவர் மறைந்ததால் தமிழ் நாவல் ஒரு பெருங்கலைஞரை இழந்தது.

உப்பு, சுங்கத் துறையில் ஊழியம் செய்துகொண்டே எழுதிய மாதவையாவைப் போன்றோருக்கு எழுத்து பிழைப்பாக அமையவில்லை. ஆயினும், குடும்பத்துக்குள் அடங்கிக் கிடந்த பெண்களின் துன்பத்தைப் பொதுவெளியின் விவாதமாக்கியதும், பேச்சுமொழிக்கு இலக்கியத்தில் இடம் தேடித் தந்ததும் அவர்கள் உழைப்பு ஈட்டிய பெரும்பேறுகள் ஆகும்.