சென்னை விறகு விற்பனையும் அளவை ஒழுங்கும்: மேற்கு மாம்பலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்: எடையும் அளவையும் ஒரே சீராக அமைந்துவிட்டால் விற்பனை நேர்மையாகிவிடும் என்ற நம்பிக்கையின்மேல் இந்திய அளவைச் சட்டங்கள் எழுந்தன. விறகு அந்நம்பிக்கைக்கு எளிதில் அடங்காத பண்டம். வீசையிலிருந்து கிலோகிராமுக்கு மாறிய காலத்தில் விறகு விற்பனையில் எது சீரானது, எது சீராகாமல் நின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விறகுத் தொட்டி, வீசை, மணங்கு, மெட்ரிக் முறை, ஈரப்பதம்

சென்னையில் விறகு விற்கும் இடத்துக்கு விறகுத் தொட்டி என்று பெயர். நீர்த்தொட்டியோடு இதற்குத் தொடர்பில்லை. மரத்தையோ மாட்டையோ அடைத்து வைக்கும் வளாகத்தையும் தொட்டி என்பது நகரப் பேச்சு வழக்கு. 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. இருப்புப்பாதைக்குக் கிழக்கே பூங்காவை நடுவில் கொண்ட திட்டமிட்ட குடியிருப்பு எழுந்தது. மேற்கே சிறு தெருக்களும் ஒண்டுக்குடித்தனங்களுமாக மேற்கு மாம்பலம் வளர்ந்தது. லேக் வியூ சாலை என்னும் பெயரில் மட்டும் அந்த ஏரி இன்று எஞ்சியுள்ளது. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின் மாதச் சம்பளக் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின. ஒண்டுக்குடித்தனத்தில் விறகை அடுக்கிக் காயவைக்க இடமில்லை. கோடையில் வண்டிக் கணக்கில் வாங்கி உலர்த்திவைப்பது கொல்லை உள்ள வீட்டுக்கே இயலும். மற்றவர்கள் தேவைப்பட்டபோது சிறுகச் சிறுக வாங்கினர். மழைக்காலத்தில் தொட்டியில் கிடைத்த விறகு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் அவர்களது அடுப்புக்கும் வந்தது. விறகின் அளவை பற்றிய எந்த ஆய்வும் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

நகருக்கு வந்த விறகில் பெரும்பங்கு நீர்வழியில் வந்தது. 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய் பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கப்பட்டு, 1876–78 பஞ்சத்தை ஒட்டிப் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளின் விறகு இதன் வழியே படகுகளில் சென்னைச் சந்தைக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்கரை மணலில் சவுக்கு பரவலாகப் பயிரிடப்பட்டது; அதற்கு நகரத்தின் அடுப்பும் ரயில் எஞ்சினின் பசியும் சேர்ந்தே காரணம். படகில் ஏறும்போது படகுச் சுமை, கரையில் வண்டிச் சுமை, தொட்டியில் எடை என ஒரே விறகு மூன்று அளவைகளைக் கடந்தது. சுமைக்கணக்கில் அடுக்கும் கையே அளவுகோல். அடுக்கிய ஒரு கன மீட்டர் விறகில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் மரம், எஞ்சியது காற்று. கோணல் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் காற்றின் பங்கு இன்னும் கூடும். தலைச்சுமையாகக் கட்டு விற்ற பெண்களுக்கும் இதே நிலைதான். கட்டின் பருமனைப் பார்த்துப் பேரம் நடந்தது. முத்திரையிட்ட தராசு வைக்கும் முதல் அவர்களிடம் இல்லாததால் அளவைச் சட்டத்தின் காவலும் கட்டுப்பாடும் அவர்களை எட்டவில்லை.

தொட்டியின் எடை வீசையிலும் மணங்கிலும் அமைந்தது. 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி. 180 கிரெயின் தோலாவை வைத்துக் கணக்கிட்டால் சென்னை மணங்கு 24.69 பவுண்டு, ஐரோப்பிய வணிகர்கள் அதை 25 பவுண்டாக முழுமைப்படுத்திக்கொண்டனர். வட இந்திய மணங்கோ 82 பவுண்டைத் தாண்டியது. ஒரே பெயர் இவ்வளவு வேறுபட்ட பொருளைக் குறித்த நாட்டில் 'பொய்யெடை' என்பதன் பொருள் என்ன? 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 264 முதல் 267 வரையிலான பிரிவுகளில் பொய்யெடையைக் குற்றமாக்கியது. ஆயினும் எது மெய்யெடை என்பதை நாடு முழுமைக்கும் வரையறுக்கும் சட்டம் அப்போது இல்லை. கிலோகிராமுக்கு நிகரான சேரை முன்வைத்த 1871-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரவேயில்லை. தோலாவை அடிப்படையாகக் கொண்ட 1939-ஆம் ஆண்டு எடைத்தரச் சட்டம் 1942-இல்தான் செயலுக்கு வந்தது. தண்டனை முந்தியும் அளவுகோல் பிந்தியும் வந்த இவ்வரிசை, வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்காத ஒன்று.

1956-ஆம் ஆண்டு எடை மற்றும் அளவைத் தரச் சட்டம் கிலோகிராமை நாடு முழுவதற்கும் விதித்தது. 1958 அக்டோபர் முதல் அது படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 1962 ஏப்ரலில் மெட்ரிக் எடை கட்டாயமாயிற்று. இதற்கு முன்னரே, 1957 ஏப்ரலில், அணா நயா பைசாவாகியிருந்தது. ஆகவே ஐந்தே ஆண்டுகளில் விலையும் எடையும் இரண்டும் பெயர் மாறின. கணக்குக்காக மணங்கு 12 அணா என்று கொள்வோம். அது 75 நயா பைசா, மணங்கு 11.2 கிலோ. கிலோவுக்கு 6.7 நயா பைசா வர வேண்டும். அதை 7 என்று முழுமைப்படுத்தினால் விலை நாலரை விழுக்காடு ஏறுகிறது. மணங்கு விலையை அப்படியே 10 கிலோவுக்கு வாங்கினால் ஏற்றம் 12 விழுக்காடு. எவரும் தராசைத் தொடவில்லை. முள் நேராகவே நின்றது. மெட்ரிக் மாற்றத்தை ஏமாற்றுக்கு முற்றுப்புள்ளியாக எழுதும் வரலாறுகள் இந்தக் கூட்டல் கழித்தலைப் பொருட்படுத்துவதில்லை.

இருப்பினும் முழுமைப்படுத்தலால் வந்த இழப்பு சிறியது. பெரிய இழப்பு ஈரத்தில் இருந்தது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். நன்கு காய்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. 100 கிலோ பச்சை விறகில் 50 கிலோ மரமும், 100 கிலோ காய்ந்த விறகில் 80 கிலோ மரமும் உண்டு. பச்சை விறகு தன்னுள் இருக்கும் நீரை ஆவியாக்கவும் எரிய வேண்டியிருப்பதால், காய்ந்த விறகு தரும் பயன்வெப்பத்தில் அது பாதியைச் சற்றே தாண்டுகிறது. கூடைக்குத் தடை கட்டி, முத்திரை எடைக்கல் வைத்து, மிகச் சரியாக நிறுத்துக் கொடுத்தாலும், வாங்குபவர் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி தண்ணீருக்கே போயிற்று. கன அளவில் விற்றால் ஈரத்தால் இவ்வளவு இழப்பு இல்லை. காற்றால் இழப்பு உண்டு. எடை அந்தக் காற்றை நீக்கி, அதன் இடத்தில் நீரை வைத்தது. காயவைத்து விற்கும் வணிகருக்கும் இதில் தண்டனைதான்: உலர்ந்த அளவுக்கு அவரது சரக்கின் எடை குறைந்தது.

விறகை அதன் பயனால் அளந்த மரபும் இருந்தது. அர்த்தசாஸ்திரம் எடைகளைப் பற்றிப் பேசும் இயலிலேயே, ஒரு பிரஸ்தம் அரிசியைச் சமைக்க 25 பலம் விறகு எனக் கணக்கிட்டு, அதையே கூடுதல் குறைவுக்கு அலகாகக் கொள்கிறது. மேற்கு மாம்பலம் கல்யாணச் சமையற்காரர்களுக்குப் பெயர்பெற்ற பகுதி. கோட்டை அடுப்பில் பெரிய பாத்திரங்களை ஏற்றும் சமையற்காரருக்கு வேண்டியது கிலோ அன்று. முகூர்த்தத்துக்கு முன் வெந்து இறங்கும் சோறு. எத்தனை படி அரிசி என்பதிலிருந்து விறகைக் கணிக்கும் அவரது தொழிற்கணக்கு, சட்டத்தின் கணக்கைவிட அர்த்தசாஸ்திரத்தின் கணக்குக்கு நெருக்கமானது.

சமையல் எரிவாயு பரவியதோடு வீடுகளுக்கு விறகு விற்ற தொட்டிகள் அருகின. இன்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை செயல்படுத்துகிறது. தராசு குறித்த கால இடைவெளியில் முத்திரை பெற வேண்டும். அரசின் நெல் கொள்முதலில் எடையோடு ஈரப்பதமும் பார்க்கப்படுகிறது. 17 விழுக்காடு என்பது அங்கு வழக்கமான வரம்பு. காகித ஆலைகள் சவுக்கு வாங்கும்போது பட்டையோடா, பட்டை உரித்ததா என்று பிரித்து விலை வைக்கின்றன. பெருமளவில் வாங்குபவர் தரத்தையும் அளவைக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒரு கட்டு வாங்கியவருக்கு இருந்த கருவி வேறு: கட்டையோடு கட்டையைத் தட்டி, ஓசை கணீரென்று வருகிறதா, மந்தமாக வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது.