ஜியார்டியா: வாழ்நிலைகளும் மரபணு வெளிப்பாடும்

ஜியார்டியா லாம்ப்லியா மனிதரின் சிறுகுடலில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணி. ஜியார்டியா இன்டெஸ்டினாலிஸ், ஜியார்டியா டுவோடெனாலிஸ் என்ற பெயர்களும் இதற்கு வழங்குகின்றன. இது வயிற்றுப்போக்கையும் வயிற்று உப்புசத்தையும் உண்டாக்கும். நோய் நீடித்தால் குழந்தைகளின் வளர்ச்சி குன்றும். 1681இல் டச்சுக்காரரான ஆன்டனி வான் லீவன்ஹூக் தம் மலத்தையே நுண்ணோக்கியில் ஆராய்ந்து இவ்வுயிரியைக் கண்டார்.

இதன் வாழ்க்கைச் சுழற்சியில் முதன்மையான நிலைகள் இரண்டு. ஒன்று டுரோஃபோசோயிட் எனப்படும் உண்நிலை. இரு உட்கருக்களும் நான்கு இணைக் கசையிழைகளும் கொண்ட இந்தச் செல், அடிப்புற வட்டத்தட்டினால் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு பெருகுகிறது. மற்றது சிஸ்ட் எனப்படும் உறைநிலை. மலத்தோடு வெளியேறும் இது குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். பத்து சிஸ்டுகள் உள்ளே போனாலும் தொற்று ஏற்படக்கூடும்.

2007இல் வெளியான மரபணுத்தொகுதி ஏறத்தாழ 1.17 கோடி கார இணைகள் கொண்டது. ஐந்து குரோமோசோம்களில் சுமார் 6,500 மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் பகுதிகள் இங்கே மிகக் குறுகியவை. பல இடங்களில் இரு திசையிலும் இயங்குவதால் புரதமாகாத எதிர்த்திசை ஆர்.என்.ஏ.க்கள் ஏராளமாக உருவாகின்றன. படியெடுத்தலில் இத்தனை தளர்வு இருப்பதால், ஆர்.என்.ஏ. உருவான பின் நடக்கும் கட்டுப்பாடுகளுக்கு இவ்வுயிரியில் தனி முக்கியத்துவம் உண்டு.

உண்நிலையிலிருந்து உறைநிலைக்கு மாறுவதே அதிகம் ஆராயப்பட்ட கட்டம். அமெரிக்காவின் சான் டியேகோவில் ஃபிரான்சஸ் கில்லின் குழுவினர் 1987இல் ஆய்வுக்கூடத்திலேயே சிஸ்டுகளை உருவாக்கிக் காட்டிய பிறகுதான் இந்த ஆய்வு வேகம் பிடித்தது. பித்தநீர், காரத்தன்மை, கொழுப்புச்சத்தான கொலஸ்டிரால் கிடைக்காமை ஆகியவை மாற்றத்தைத் தூண்டுகின்றன. உடனே சிஸ்ட் சுவர்ப் புரதங்கள் மூன்றின் மரபணுக்கள் ஒருசேர விழித்தெழுகின்றன. அவற்றை இயக்கும் காரணிகளில் மிப்2 என்ற புரதம் முக்கியமானது; உறை உருவாகும்போது அதன் அளவும் கூடுகிறது. சுவரின் சர்க்கரைப் பகுதிக்கு வேண்டிய மூலப்பொருளைக் குளுக்கோஸிலிருந்து தயாரிக்கும் நொதிகளும் இதே வேளையில் பெருகுகின்றன.

செல்லின் புரதங்களைப் பக்குவப்படுத்தி உரிய இடத்துக்கு அனுப்புவது கால்ஜி உறுப்பு; உண்நிலையில் அப்படி அடையாளம் காட்டக்கூடிய அமைப்பு எதுவும் தென்படுவதில்லை. உறை கட்டத் தொடங்கிய சில மணி நேரத்தில், சுவர்ப் புரதங்களைச் சுமந்துசெல்லும் தனிப் பைகள் செல்லுக்குள் உருவாகி அந்த வேலையை ஏற்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் முழு சிஸ்ட் தயாராகிறது. இதற்குள் உட்கருக்கள் நான்காகின்றன, டி.என்.ஏ.வும் பெருகிவிடுகிறது.

எல்லா நிலைகளிலும் ஆர்.என்.ஏ.க்களை அளந்து பார்த்தால், பெரும்பாலான மரபணுக்களின் அளவு அதிகம் மாறுவதில்லை. கூர்மையாக ஏறி இறங்குபவை சிறுபான்மையே. இத்தனை வேறுபட்ட இரு உருவங்களுக்கிடையே ஆர்.என்.ஏ. அளவில் இவ்வளவு சிறிய மாற்றமே தெரிவது குறிப்பிடத்தக்கது.

சிஸ்டை விழுங்கியதும் இரைப்பை அமிலமும் பின்னர் சிறுகுடலின் செரிமான நொதிகளும் அதை விழிக்கச் செய்கின்றன. ஒட்டுண்ணியின் சொந்தப் புரதச்சிதைப்பு நொதிகளும் உறையைத் திறக்க உதவுகின்றன. வெளிவரும் செல், டி.என்.ஏ.வை மீண்டும் இரட்டிக்காமலே பிரிந்து நான்கு உண்நிலைச் செல்களாகிறது.

மேற்பரப்புப் புரதங்களின் கதை தனியானது. அவற்றுக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 200 இருந்தும், ஒரு செல் ஒரு நேரத்தில் ஒன்றையே மேலாடையாக அணிகிறது. சில தலைமுறைகளுக்கொரு முறை அதை மாற்றிக்கொள்கிறது. உறை கட்டி மீளும்போதும் இம்மாற்றம் நடக்கிறது. நோயெதிர்ப்பாற்றல் ஒட்டுண்ணியை எளிதில் ஒழிக்க முடியாமற்போவதற்கு இது ஒரு காரணம். அர்ஜென்டினாவில் ஹ்யூகோ லுஹான் குழுவினர் 2008இல் இதன் வழிமுறையை விளக்கினர்: பல மரபணுக்கள் ஒரே நேரத்தில் படியெடுக்கப்படுகின்றன, ஆர்.என்.ஏ. குறுக்கீடு ஒன்றைத் தவிர மற்றவற்றைச் சிதைத்துவிடுகிறது. இந்தக் குறுக்கீட்டை முடக்கி, எல்லாப் புரதங்களையும் ஒருங்கே காட்டும் ஒட்டுண்ணிகளை உருவாக்கி, அவற்றைக் கொண்டு ஜெர்பில் எனும் கொறிவிலங்குகளுக்குத் தொற்றிலிருந்து பாதுகாப்பு அளிக்க முடியும் என்று 2010இல் அதே குழு காட்டியது.

மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்ற மருந்துகள் குடலிலுள்ள உண்நிலையைத் தாக்குகின்றன. வெளியே இருக்கும் சிஸ்டின் சுவரோ குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினையும் பெரிதும் தாக்குப்பிடிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சிஸ்ட் இறந்துவிடும்.