ஒற்றைப் பாதையும் பல்கருச் செயலியும்

1880ஆம் ஆண்டு கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அஃது ஒற்றைப் பாதை. இத்தகைய பாதையில், அனுமதி பெற்ற ஒரு வண்டியே ஒரு பகுதியினுட் புகலாம். எதிர்வரும் வண்டி நிலையத்திற் காத்திருத்தல் வேண்டும். ஆண்டு விரைவினும் முறையே உயிர்காப்பதாகும்.

கணிப்பொறி வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. ஒரே செயலியிற் பல பணிகள் தத்தம் கெடுவுக்குள் முடிதற்குரிய விதிகளை 1973இல் லியூ, லேலண்ட் என்னும் அறிஞர் இருவர் வகுத்தனர். செயலிகளைப் பெருக்கினால் இடர் தீருமென்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் போதாதென 1978இல் தாலும் லியூவும் காட்டினர். கெடு அண்மித்த சிறு பணிகள் முந்தி எல்லாச் செயலிகளையும் பற்றிக்கொள்ளின், நெடும்பணி பிந்தித் தொடங்கிக் கெடுத் தவறும். அப்பொழுது ஏனைய செயலிகள் வாளாவிருக்கும்.

இக்காலத்துப் பல்கருச் செயலியில், ஒரே சில்லிற் கருக்கள் பல உள. எனினும், நினைவகத்துக்குச் செல்லும் வழி பெரும்பாலும் அனைத்துக்கும் பொது. அதுவும் ஓர் ஒற்றைப் பாதையே. அவ்வழியில் ஒரு கரு காத்திருக்கும் காலத்துக்கு எல்லை வகுக்காவிடின், ஓடும் வாகனத்தை நிறுத்தும் கட்டளையும் பிந்தக்கூடும். ஆண்டுப் பிந்திய சரியான விடை பிழையான விடையே. ஆதலின், ஆற்றலைப் பெருக்குவார் பொதுவழிக்கு முறை வகுத்தலையும் மறத்தலாகாது.